தொய்ந்த கழுத்துப் பட்டை

கம்பைநல்லூரைத் தாண்டி, மரவள்ளிக் காடுகளுக்குள் திரும்பும் மண் பாதையில், லோடு ஆட்டோ அந்த ஓட்டு வீட்டின் முன்னால் நின்றபோது உச்சிவெயில். கதவு நிலையில் செருகியிருந்த குருத்தோலைச் சிலுவை காய்ந்து சுருண்டு கிடந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

முதலில் இறங்கியவர் சவரி. திருவிழாக்களிலும் சாவுகளிலும் வாசிக்கும் பேண்டு செட்டுக்கு அவர்தான் மாஸ்டர். அவருக்குப் பின்னால் ஜோசப் ராஜ் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

"உக்காந்து வந்ததுக்கே புடிச்சுக்குது. இவரு பேரிட்டோனத் தூக்கப் போறாராம்," என்றார் சவரி.

"சும்மா பாத்துட்டுப் போலாம் மாஸ்டர். பாக்கறதுக்கு என்னா?"

"பொண்ணு பாக்க வந்தவனும் இப்படித்தான்டா சொல்லுவான்."

பல வருடங்களாக சாக்ஸபோனைத் தொங்கவிட்டு நடந்ததில் ஜோசப் ராஜின் கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது. இனிமேல் பாரம் கூடாது என்று தர்மபுரி டாக்டர் சொல்லிவிட்டார். செட்டுக்கோ, தாழ்ந்த சுரம் வாசிக்கும் பெரிய சாக்ஸபோனான பேரிட்டோன் தேவைப்பட்டது; சேலத்துக் கடையில் புதியது ஒன்றை சவரி பார்த்து வைத்திருந்தார். எடை குறைவு. அழுத்தி வாசிக்கும் கீகள் விரல் விழும் இடத்திலேயே இருந்தன. ஆனால் ஊதினால் தகர டப்பாவுக்குள் யாரோ பேசுவது போலிருந்தது. ஜோசப் ராஜ் அதைத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டான்.

கதவைத் திறந்தவர் புஷ்பமேரி. வயது ஐம்பது இருக்கும். கழுத்து முன்னால் மடிந்து, தாடை நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்களின் கால்களைப் பார்த்துத்தான் அவரால் "வாங்க" என்று சொல்ல முடிந்தது. அவருடைய கணவர் சின்னப்பன் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். வெளிநாட்டுச் சாமியார்கள் இருந்த காலத்தில் வந்த பேரிட்டோனைக் கடைசிவரை வாசித்தவர் அவர்.

கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தார்கள். கறுத்த பித்தளை. பழைய எச்சிலின் புளித்த வாடை. ஜோசப் ராஜ் பட்டையைக் கழுத்தில் மாட்டி எழுந்தபோது முதுகெலும்பு வரை இழுத்தது. இடது சுண்டுவிரலுக்கான கீகள் எட்டாத தூரத்தில் இருந்தன. கட்டைவிரலைத் தாங்கும் கொக்கி சதையை அறுத்தது.

"எவன் கைய அளந்து செஞ்சானோ," என்றார் சவரி. "இதுக்கு ஏர் ஓட்டலாம்."

ஜோசப் ராஜ் மிகத் தாழ்ந்த சுரத்தை ஊதினான்.

அடுப்படியில் இருந்த பித்தளைக் குடம் அதே சுரத்தில் முனகியது. ஓட்டிலிருந்து தூசி உதிர்ந்தது. ஒலி நின்ற பிறகும் தரையில் ஏதோ மிச்சம் இருந்தது.

புஷ்பமேரி நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் தன் பிடரியைத் தடவினார். "பாரமா இருக்குதுங்களா தம்பி?"

"பாரம்தாங்க்கா. ஆட்டுக்கல்லக் கட்டித் தொங்கவுட்டாப்ல இருக்குது."

"அப்ப சரி. பாரமா இருக்கிற வரைக்கும் வாசிங்க. லேசாயிட்டா நிறுத்திடுங்க."

சவரி சிரித்தார். "லேசானா எதுக்கும்மா நிறுத்தறது? கோயிலுக்கு மெழுகுவத்தி வாங்கி ஏத்தமாட்டமா?"

புஷ்பமேரி சிரிக்கவில்லை. பெட்டி வாசலைத் தாண்டியதும் கதவைச் சாத்திக்கொண்டார்.

பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால், சித்தேரி மலையடியில் இருந்தது ஜோசப் ராஜின் ஊர். தினமும் காலையில் வாசித்துப் பழகினான். சுண்டுவிரல் வீங்கியது. இரவில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மனைவி மோனிஷா உப்பு ஒத்தடம் கொடுத்தபடி, "அந்தப் புதுசையே வாங்கிக்கங்களேங்க," என்பாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கீகளையாவது பக்கத்தில் நகர்த்தி வைக்கலாம், சேலத்தில் செய்து தருவார்கள் என்றார் சவரி.

"குழாய்ல சூடு வெச்சா சத்தம் செத்துரும் மாஸ்டர்."

"நீ செத்தா பரவால்லியா?"

ஜோசப் ராஜ் வீங்கிய சுண்டுவிரலை நீவிக்கொண்டான். கேள்வியை நியாயமாகத்தான் எடுத்துக்கொண்டான். வலி ஒருவனோடு முடிந்துவிடுகிறது. ஒலி தெரு முழுவதும் போகிறது. இரண்டையும் ஒரே தராசில் எப்படி வைப்பது என்று யோசித்தபடியே பல நாட்கள் போயின.

தவக்காலம் தொடங்கிய ஒரு காலை, அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது மோனிஷா பெட்டியின் மேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். உதடுகள் அசைந்தன. செபமாலை சொல்கிறாள் என்று நினைத்தான்.

அதற்கடுத்த வாரம் ஊரில் ஒரு சாவு. முற்பகலில் வீட்டிலிருந்து கோயிலுக்குப் பிணத்தை எடுத்தார்கள். துக்க மணி விட்டுவிட்டு அடித்தது. பேண்டு மெதுவாக நடந்தது. ஜோசப் ராஜ் முதல் தாழ்ந்த சுரத்துக்கு வந்தபோது, கழுத்தில் வலி இல்லாததைக் கவனித்தான்.

பாரமும் இல்லை.

கீழே பார்த்தான். கழுத்துப் பட்டை வளைந்து, தொய்ந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பேரிட்டோன் மட்டும் கீழே போகாமல் அவன் வயிற்றோடு ஒட்டி நின்றது.

யாரோ அடியில் கைகொடுத்துத் தாங்குவது போல.

எட்டாத கீகள் விரலுக்கு எட்டின. அப்படி ஓர் ஒலி அதிலிருந்து அதுவரை வந்ததில்லை. ஒப்பாரி வைத்த பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்திக் கேட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் சவரி பக்கத்தில் வந்தார். "இன்னிக்கி என்னாடா சாப்ட்டு வந்த?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "பெல்ட்டு தொங்கிச்சே. எதுல தாங்கிக்கிட்டு வந்த?"

"கையிலதான் மாஸ்டர்."

இரண்டு கைகளும் கீகளின் மேல் இருந்ததை இருவரும் அறிவார்கள். குழாயின் அடி வளைவில், வியர்வை படிந்த உள்ளங்கை ஒன்றின் ஈரம் மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் மோனிஷா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்திருந்தது.

"துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தங்க. மணி அடிச்சிச்சே, அப்ப யாரோ கழுத்து மேல ஏறி உக்காந்தாப்ல இருந்துச்சு. இப்ப தேவல."

அவள் பிடரியில் ஒரு சிவந்த தடம். பட்டையின் அகலம்.

ஜோசப் ராஜ் அதைப் பார்த்தான். பார்த்ததைப் பற்றி யோசிக்காமல் இருந்தான்.

ஈஸ்டர் பாஸ்கா முடிந்து, மே மாதம் ஊர்த் திருவிழா வந்தது. வெயில் தாழ்ந்ததும் தேர் புறப்பட்டது. முன்னால் பேண்டு, அதற்கும் முன்னால் இரண்டு வரிசையில் மெழுகுவத்தி பிடித்த பெண்கள். இடது வரிசையின் கடைசியில் மோனிஷா நடந்தாள். அவள் பிடரி ஜோசப் ராஜின் கண்ணுக்கு நேராக இருந்தது.

ஊத ஊத, பட்டை தொய்ந்தது.

மோனிஷாவின் தலை குனிந்தது. செபிக்கிறாள் என்று நினைத்தான். சுரம் நீண்டது. தலை இன்னும் தாழ்ந்தது. கையில் மெழுகுவத்தி சரிந்து, உருகிய மெழுகு மணிக்கட்டில் வழிந்தது. அவள் கையை விலக்கவில்லை. விலக்க முடியவில்லை.

நிறுத்தினான். மொத்தப் பாரமும் அவன் கழுத்தில் விழுந்தது. வளைத்துப் பிடித்த கிளையை விட்டது போல மோனிஷாவின் தலை நிமிர்ந்தது.

தற்செயலாக இருக்கலாம்.

மறுபடி ஊதினான்.

அவள் குனிந்தாள்.

இப்போது அவனுக்குத் தெரிந்துவிட்டது. பாட்டில் அடுத்து வர வேண்டியது மிகத் தாழ்ந்த, மிக நீண்ட சுரம். காலையிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தான். உறுதி செய்துகொள்ளத்தான், இன்னும் ஒரே ஒருமுறை, என்று தனக்குள் சொல்லிக்கொண்டு மூச்சை இழுத்தான்.

அந்த ஒலி தெருவை நிறைத்தது. தகரக் கதவுகள் அதிர்ந்தன. சவரியின் கண்கள் கலங்கின.

மோனிஷா முழந்தாளில் விழுந்தாள்.

பக்தியில் விழுந்தாள் என்று நினைத்து, பக்கத்திலிருந்த பெண்ணும் முழந்தாளிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். வரிசை முழுவதும் முழந்தாளிட்டது.

குழாயின் அகன்ற வாய்க்கருகில், அவனுடையதல்லாத ஒரு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஜோசப் ராஜ் பட்டையைக் கழற்றிப் பேரிட்டோனைத் தரையில் வைத்தான்.

"வாசிடா," சவரி பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "தேரு நிக்குது பாரு."

அவன் மனைவியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அவள் தலை பாதிதான் நிமிர்ந்தது.

"என்னா பண்ணுன மோனிஷா?"

"தவக்காலத்துல ஏதாச்சும் ஒப்புக்குடுப்பமில்லீங்களா. அவரு கழுத்துப் பாரத்த எனக்குக் குடுன்னு கேட்டேன். கறி திங்காம இருக்கறதுக்கு இது தேவலைன்னு தோணுச்சு." சிரிக்கப் பார்த்தாள்.

"யாருகிட்ட கேட்ட?"

"மாதாவ நெனச்சுத்தாங்க. கைதான் பொட்டி மேல இருந்துச்சு." மணிக்கட்டில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். "உள்ளருந்து 'ம்'னு சொன்னாப்ல கேட்டுச்சு. எலின்னு நெனச்சுட்டேன்."

மறுநாள் காலை பெட்டியை ஏற்றிக்கொண்டு கம்பைநல்லூர்ப் பக்கம் போனான். புஷ்பமேரி கதவைப் பாதிதான் திறந்தார். அவன் கால்களைப் பார்த்தார்.

"லேசாயிடுச்சுங்களா?"

"உங்க வூட்டுக்காரருக்குத் தெரியுங்களா அக்கா? அவரு பாரத்த நீங்க செமந்தது?"

புஷ்பமேரி பிடரியைத் தடவினார்.

"மொதல்ல தெரியாது. தெரிஞ்சதுக்கப்பறந்தான் ரொம்ப நல்லா வாசிச்சாரு."

ஜோசப் ராஜால் அவரைப் பார்க்க முடியவில்லை. தெருவை நிறைத்த அந்தச் சுரம் இன்னும் அவன் காதில் இருந்தது.

"ஒடச்சுப் போட்டுடறேங்க்கா."

"ஒடச்சா, பாரம் இருக்கற ஆளு மேலயே நின்னு போயிடும். அவரு செத்த அன்னிக்கு என் மேல நின்ன மாதிரி."

"திருப்பிக் கேட்டா குடுக்குமா?"

"தெரியல தம்பி. எனக்காக யாரும் கேக்கல."

கதவு மூடியது.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஜோசப் ராஜ் பெட்டியின் மேல் கையை வைத்தான். மாதாவை நினைக்கவில்லை. யாரிடம் கேட்கிறோம் என்று தெரிந்தே கேட்டான்.

"அவகிட்டருந்து எடுத்துக்க. எனக்கே குடு."

நெடுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு, உள்ளேயிருந்து, தொண்டையைத் திறக்காமல் ஒருவர் சொல்வது போல:

"ம்."

விடிந்ததும் மோனிஷா வாசலில் கையை உயர்த்தித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்து நேராக இருந்தது. பிடரியில் தடம் இல்லை.

ஜோசப் ராஜ் மவுத்பீஸில் சத்தம் எழுப்பும் நாணல் தகடான ரீடைக் கழற்றித் துடைத்து அதன் சிறு டப்பாவில் வைத்தான். பெட்டியைக் கயிற்றால் இறுகக் கட்டிப் பரணில் ஏற்றினான். சேலத்திலிருந்து புதிய பேரிட்டோன் வந்தது. விரல்கள் நோகவில்லை. கழுத்தும் நோகவில்லை. சவரி, "இப்பத்தான்டா மனுசன் மாதிரி நிக்கிற," என்றார். தெருவில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் ஒரு மதியம், சோற்றில் கை வைத்த நேரத்தில், அவன் கழுத்தில் ஏதோ மாட்டப்பட்டது.

மெதுவாக இழுத்தது.

தலை தாழ்ந்துகொண்டே போய், தாடை நெஞ்சைத் தொட்டது. மூச்சு முட்டியது. அப்போது பரணிலிருந்து அந்தச் சுரம் கேட்டது. அவ்வளவு தாழ்வாக, அவ்வளவு நீளமாக அவன் ஒருநாளும் வாசித்ததில்லை.

அலமாரியில் பாத்திரங்கள் முனகின.

"என்னாங்க அது," அடுப்படியிலிருந்து மோனிஷா கேட்டாள். "லாரி போவுதா?"

"ஆமா. லாரிதான்," என்றான், தட்டைப் பார்த்தபடி.

ஒலி முடியும்வரை அவன் அசையவில்லை. மோனிஷாவைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை.

பாரம் இறங்கியதும் ஏணி வைத்துப் பரணில் ஏறினான். கயிறு அவன் கட்டியபடியே இருந்தது. முடிச்சை அவிழ்த்துத் திறந்தான். டப்பாவில் வைத்திருந்த ரீடு மவுத்பீஸில் பொருந்தியிருந்தது. தொட்டுப் பார்த்தான்.

ஈரம். வெதுவெதுப்பு இன்னும் ஆறவில்லை.

பெட்டியை மூடிக் கயிற்றைச் சுற்றினான். இந்த முறை முடிச்சை இறுக்கவில்லை.

கீழே இறங்கி, பிடரியைத் தடவிக்கொண்டு, ஆறிப்போன சோற்றின் முன்னால் உட்கார்ந்து, அந்தச் சுரம் மறுபடி கேட்கக் காத்திருந்தான்.