ஏழு நிமிடத் தூரம்

ஒன்பது நிமிடம் ஆகியும் விமானம் வரவில்லை.

ஒமேனாவிலிருந்து கயாபிக்குப் பதினெட்டு மைல். நடந்தால் மூன்று நாள், பறந்தால் ஏழு நிமிடம். எட்டாவது நிமிடம் என்ற ஒன்றை தொரிகா கயாபியில் தன் பதினோரு வருட ரேடியோ வேலையில் பார்த்ததே இல்லை. ஓடுதளத்துப் புல்லில் மேய்ந்த பன்றிகளை விரட்டிவிட்டு வந்து, தகரக் கொட்டகைக்குள் கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் வள்ளிக்கிழங்கு வெந்து மணத்தது. அது லோவெய்க்கு. மூன்று மாதமாக ஒமேனா ஆஸ்பத்திரியில் கிடந்த ஆறு வயது மகள் இன்று வீடு திரும்புகிறாள்.

இரண்டு ஊருக்கும் நடுவே மலை. அதில் விமானம் நுழைந்து வர ஒரே ஓர் இடைவெளி. அது கயாபியிலிருந்துதான் தெரியும் என்பதால், கிளம்புமுன் அது திறந்திருக்கிறதா என்று விமானி ரேடியோவில் கேட்பார், தொரிகா எட்டிப் பார்த்துச் சொல்வாள். மேகம் மூடியிருக்கிறது என்று மூன்று முறை உண்மையைச் சொல்லி, மூன்று முறையும் மகளின் பயணம் இரண்டிரண்டு வாரம் தள்ளிப்போயிருந்தது. இன்று காலை விமானி ஹெசெக் கேட்டபோதும் பாதி இடைவெளியை மேகம் விழுங்கியிருந்தது. ஏழு நிமிடம்தானே என்று அவள் நினைத்தாள்.

"தொறந்துதான் இருக்கு. கெளம்புங்க," என்று சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் இரைச்சல் கேட்டது. உயிர் வந்தது. ஆனால் இரைச்சல் மேகத்துக்கு மேலேயே தலையைத் தாண்டிப் போய்த் தேய்ந்து மறைந்தது. ரேடியோ கரகரத்தது.

"அக்கா, தொறந்திருக்கா? ரெண்டு நிமிஷத்துல வந்துருவேன்," என்றது ஹெசெக்கின் குரல்.

மூடிவிட்டது, திரும்பிப் போங்கள் என்று தொரிகா கத்தினாள். பதில் இல்லை. ஏழு நிமிடம் கழித்து அதே இரைச்சல். அதே கேள்வி. அதே குரல், ஓர் எழுத்து மாறாமல்.

எரிபொருள் இரண்டு மணி நேரத்துக்குத்தான் என்று கொழுந்தன் யமாண்டா கணக்குச் சொன்னான். நண்பகல் தாண்டியும் இரைச்சல் நிற்கவில்லை. அவன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு விமானத்தைத் தேடி மலையேறினான். மறுநாளும் நிற்கவில்லை. ஊர் ஓடுதளத்துப் பக்கம் வருவதை விட்டுவிட்டது. தொரிகா மட்டும் ரேடியோவை விட்டு அசையவில்லை, பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அழுதாள். கெஞ்சினாள். அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழியே இல்லை.

மூன்றாம் நாள் காலை யமாண்டா கைகளில் மண்ணோடு வந்து நின்றான்.

"அண்ணி, பாத்துட்டோம். எடைவெளிக்குக் கீழ பாறையில மோதிக் கெடக்கு. ரெண்டு பேருமே உயிரோட இல்ல. கொழந்தைய நாங்களே பொதைச்சிட்டு வந்தோம்."

அவன் சொல்லி முடிக்குமுன் தலைக்கு மேலே இரைச்சல். அவன் நிமிரவில்லை. தொரிகா நிமிர்ந்தாள். துடைத்துவிட்ட வானம். இடைவெளியில் மரம் மரமாகத் தெரிந்தது. மேலே எதுவும் இல்லை.

ரேடியோ கரகரத்தது. இந்தமுறை ஹெசெக் இல்லை.

"அம்மா, தொறந்திருக்கா?"

"வேணாம் அண்ணி," என்றான் யமாண்டா.

அவளால் மறுக்க முடியவில்லை. பெற்றவள்.

"தொறந்திருக்கு, கண்ணு. வா."

இரைச்சல் தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. ஓடுதளத்தின் மறுமுனையில் ஈரப்புல் இரண்டு கோடுகளாக மடங்கியது. கோடுகள் கொட்டகையை நோக்கி நீண்டன. நின்றன. மூன்று நாளில் முதல்முறையாக நிசப்தம்.

ஒரு கதவு திறக்கும் சத்தம்.

புல் அழுந்தியது. சின்னதாய், ஒரு பாதம் அளவு. பிறகு இன்னொன்று. யமாண்டா ஓடிவிட்டான். தொரிகா கொட்டகைக்குள்ளேயே நின்றாள். ஒவ்வொரு அழுத்தத்திலும் கொஞ்சம் புதைகுழி மண்ணை உதிர்த்துவிட்டு, அது வாசலுக்கு வந்துகொண்டிருந்தது.