அசையாமல் இருக்கவும்

படத்தில் எலும்பு சுத்தமாக இருந்தது. கட்டி மட்டும் கலங்கியிருந்தது.

ஸ்கேன் அறை டெக்னீஷியனுக்கு முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்தவர் அசைந்தால் படம் கலங்கும். கைக்குழந்தைக்கும் நீதிபதிக்கும் அதில் ஒரே சட்டம்தான். ஆனால் அப்படிக் கலங்கினால் கால் முழுக்கக் கலங்க வேண்டும். இங்கே தொடை எலும்பு கூர்மையாக, சதை நார் நாராக, தோலின் ஓரம் பென்சிலால் இழுத்ததுபோல இருந்தது. முழங்காலுக்குச் சற்று மேலே அது மட்டும், ஈர விரலால் தேய்த்த மை மாதிரி.

உள்ளே படுத்திருந்தது அவனுடைய தங்கை.

மைக்கை அழுத்தினான். "அசையாதேன்னு சொன்னேன்ல?"

"நான் எங்க அசைஞ்சேன்? மூட்டை மாதிரி கட்டிப் போட்டுட்டு, கேள்வி வேற."

"படம் கலங்குதே."

"என் மூஞ்சியையா எடுக்கறே, கலங்கறதுக்கு? கால்தானே. அதுவே மரத்துப் போச்சு, அண்ணா. இருக்கா இல்லையான்னே தெரியலை."

சர்ஜன் காலையிலேயே சொல்லிவிட்டார். கட்டி எங்கே முடிகிறது என்று படத்தில் தெளிவாகத் தெரிந்தால் அதை மட்டும் வெட்டி எடுக்கலாம். ஓரம் தெரியாவிட்டால் காலையே எடுக்க வேண்டியதுதான். சட்டைக்குக் கை நீளம் கேட்கிற குரலில் சொன்னார். அவனும் அரைக்கையா முழுக்கையா என்பதைப் போலத் தலையாட்டிவிட்டு வந்திருந்தான்.

மத்தியானம் என்று கடிகாரம் சொன்னது. ஜன்னல் இல்லாத அந்தக் கீழ்த்தளத்தில் அதை நம்பித்தான் ஆக வேண்டும். ஏசிக் காற்றில் ஸ்பிரிட்டும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாடை, சுவருக்குப் பின்னால் இயந்திரத்தைக் குளிர வைக்கிற பம்ப் விடாமல் நாக்கைச் சப்புக்கொட்டுகிற ஓசை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக் குழாய்க்குள் கால்கள் நுழைந்திருக்க, போர்வைக்கு வெளியே தங்கையின் தலை மட்டும் தனியாக எடுத்து வைத்ததுபோல.

ரத்தக் குழாயின் துடிப்பாக இருக்கும். அதுவும் படத்தைக் கலைக்கும். இயந்திரம் அளக்கிற திசையை மாற்றினால் கலங்கலும் திசை மாறும். மாற்றினான்.

கலங்கல் திசை மாறவில்லை. இடம் மாறியிருந்தது. கொஞ்சம் மேலே.

"அண்ணா, தூக்கம் வருது."

"தூங்கு. தூங்கினா அசைய மாட்டே."

"இந்தச் சத்தத்துல தூங்கினா எனக்கு விருதே குடுக்கணும்" என்றாள். அடுத்த படத்துக்குள் விருதை வென்றுவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றியில் ஒரு முடிகூட அசையவில்லை.

படம் வந்தது. எலும்பு சுத்தம். அது கலங்கல். இன்னும் மேலே.

அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழ வேண்டிய இடம் என்று தெரிந்தது, அழுகை வரவில்லை. மைக்கை அழுத்தினான். தூங்குகிறவளிடம் பேச எதுவும் இல்லை. ஆனாலும் பேசினான். மெதுவாக.

"அசையாதே."

படம் தெளிவாக வந்தது.

உடனே போன். சர்ஜன் தன் அறைக் கணினியில் பார்த்துவிட்டார். "பிரமாதம்! ஓரம் பளிச்சுன்னு தெரியுது. தங்கச்சி கால் தப்பிச்சுது, போங்க. என்னப்பா பண்ணீங்க?"

"அசையாதேன்னு சொன்னேன், சார்."

"அதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!" சிரித்துவிட்டு வைத்தார்.

அவன் திரையைப் பார்த்தான். ஓரம் பளிச்சென்றுதான் இருந்தது. முழங்காலுக்கு மேலே, கைக்கு அடக்கமாக. கலங்கல் பரவியிருந்த இடமெல்லாம் இப்போது காலி. கட்டி சுருங்கவில்லை. ஒடுங்கியிருந்தது. போட்டோ எடுக்கும்போது தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்கிறவர் மாதிரி.

இந்த ஓரத்தைப் பார்த்துத்தான் வெட்டப் போகிறார்கள்.

சர்ஜனைத் திரும்பக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது? யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் கை தன் வேலையைச் செய்தது. அவள் படுத்திருந்த மேசையை வெளியே இழுக்கும் பொத்தான். பிறகு மைக். ஒவ்வொரு நோயாளிக்கும், ஒவ்வொரு நாளும், யோசிக்காமல் சொல்கிறதை வாய் சொல்லிவிட்டது.

"முடிஞ்சுது. இனிமே அசையலாம்."

தங்கை விழிக்கவில்லை. பட்டைகள் தளரவில்லை. கால் விரல்கள் அப்படியே.

போர்வை அசைந்தது.

முழங்காலுக்கு மேலே. நெடுநேரம் அடங்கிக் கிடந்தவர் சோம்பல் முறிப்பதுபோல. நிதானமாக. தொடை நெடுக. இடுப்பைத் தாண்டி. விலா எலும்புகள் ஒவ்வொன்றாகப் போர்வையை முட்டி எழுந்து தாழ்ந்தன. கழுத்தடியில் தோல் புடைத்தது.

அங்கே நின்றது.

மைக் இருந்த பக்கம் திரும்பி, அசையாமல்.