புகைக்குள் ஏழு நிமிடம்

“ஐயோ…!”

காவலாளியின் அலறல், அனல் மின் நிலையத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

சிம்னியின் அடியில் ஒருவர் கிடந்தார்.

மூச்சில்லை!

புகையில் எவ்வளவு கந்தகம் என்று அளக்கும் கருவிகளைப் பராமரிப்பவர். எல்லோருக்கும் ‘மீட்டர்காரர்’.

ஒரு மணி நேரம் கழித்து கண்ட்ரோல் ரூமில் ஒரு பெண் போலீஸ் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். எதிரே ஷிஃப்ட் இன்ஜினீயர். இறந்தவரின் மனைவிக்கு அண்ணன். சுவரோரம் அந்தத் தங்கை, அழக்கூடத் தெம்பில்லாமல்.

“கால் வழுக்கியிருக்கும் மேடம். எனக்கு மாப்பிள்ளை மட்டுமில்ல… உயிர் சிநேகிதன்!”

“எத்தனை மணிக்கு விழுந்தார்?”

“பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். காவலாளி வாட்ச் பார்த்திருக்கான்.”

மீட்டரின் அளவுகள் பதிவான திரையில் இன்ஸ்பெக்டரின் விரல் ஓடியது.

“மூணு மாசமா கந்தக அளவு தொண்ணூறைத் தாண்டல. இன்னிக்கு பத்து எட்டுக்குத் திடீர்னு ஆயிரத்து நூறு! பத்து பதினஞ்சுக்கு மறுபடி தொண்ணூறு. எப்படி?”

“மெஷின் கோளாறு…”

“மேல ஏறிப் பார்த்தேன் சார். மீட்டருக்குள்ள போறது புகையே இல்ல. சிலிண்டர்லேர்ந்து கொஞ்சமே கந்தகம் கலந்த காத்து! கந்தகத்தைப் பிடிக்கிற வடிகட்டி ரிப்பேர்… ஊரே விஷத்தைக் குடிக்குது. மீட்டர்காரர் அந்த சிலிண்டர் டியூபைப் பிடுங்கினார். நிஜம் வெளிய வந்துது. பத்து பன்னிரண்டுக்கு விழுந்தார். பதினஞ்சுக்கு டியூபைத் திரும்ப மாட்டினது யாரு… செத்தவரா?”

ஏ.சி.யிலும் இன்ஜினீயரின் காலர் நனைந்தது.

“மேல் கதவுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு அவர் பாக்கெட்ல. இன்னொண்ணு?”

அவன் கை தன்னையறியாமல் பேன்ட் பாக்கெட்டைத் தொட்டது.

“அண்ணா…!”

தங்கை எழுந்தாள்.

“இந்தப் புகையால என் பொண்ணு மூச்சு விட முடியாம திணறுறா. ‘மச்சான்கிட்ட சொல்லிட்டேன், அவர் பார்த்துப்பார்’னு நேத்து சொன்னாரே… நீ பார்த்துக்கிட்டது இதுதானா?”

அவன் உடைந்தான்.

“புகார் கொடுக்கப் போறேன்னான்! சிலிண்டரை மாட்டினதே நான்தான்… என்னை ஜெயிலுக்குப் போகச் சொல்றியா? தடுக்கத்தான் போனேன்… தள்ளிட்டேன்!”

“கொடுக்கப் போறது இல்ல சார். கொடுத்துட்டார்! காலைல எட்டு மணிக்கே மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு மெயில் போயிடுச்சு.”

இன்ஸ்பெக்டர் செல்போனை நீட்டினார்.

கடைசி வரியில் அவன் கண்கள் நிலைகுத்தின.

‘சிலிண்டரை மாட்டியவன் நான். என் மச்சானுக்கு எதுவும் தெரியாது.’

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மத்ததெல்லாம் கரெக்ட். அந்த ஒரு வரிதான் தப்பு” என்றார் இன்ஸ்பெக்டர். “வாங்க சார்… ஸ்டேஷன்ல உட்கார்ந்து பிழை திருத்துவோம்!”