நிறைகுடத் தூரம்

வெள்ளாற்றின் வடகரையில், அந்தி மயங்கி முழுநிலவு எழுந்த வேளையில், இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத நகரம் ஒன்று கயிறுகளாலும் முளைகளாலும் மணலில் விரிந்து கிடந்தது. வெள்ளம் கொண்டுபோன ஊருக்கு ஈடாக நல்லாற்றூர்ச் சிற்றரசர் எழுப்பவிருந்த நகரம் அது. தெருக்களை வகுக்கும் பொறுப்பு அவருடைய ஒரே மகள் நிறைமதி நங்கைக்கு. துணைக்கு வந்தவன், கீழைக் கடற்கரைக்காரன் என்று சொல்லிக்கொண்ட இளம் சிற்பி பொன்னம்பலக் கூத்தன். இருவரும் ஒருவரையொருவர் காதலித்ததை, வாசகர்களே, முளையடித்த ஆட்கள்கூட அறிந்திருந்தார்கள். அறியாதவர் அரசர் ஒருவரே. அரசர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

நங்கையின் விதி எளியது: நிறைகுடத் தூரத்துக்கு ஒரு குறுக்குத் தெரு, மனைவரிசை அதற்கு மேல் நீளக் கூடாது. மேற்குப் பாதியை அவளே வகுத்தாள். கூத்தன் வகுத்த கிழக்குப் பாதியை அன்றுதான் பார்வையிட வந்தாள்.

“இந்த மனைவரிசை ஏன் இவ்வளவு நீளம்?”

“தேவியின் விதிப்படிதான். நிறைகுடத்தோடு நானே நடந்து அளந்தேன்.”

“இடுப்பு மாற்றாமலா?”

“இடுப்பு எதற்கு? குடம் தலையில் அல்லவா இருந்தது?”

நங்கை ஓரடி பின்வாங்கினாள். அந்நாட்டில் குடம் ஏறுவது இடுப்பில். அதை மறு இடுப்புக்கு மாற்றும் வரை நடப்பதே நிறைகுடத் தூரம். கடற்கரையிலும் அதே வழக்கம். தலைக்குடமோ அதைவிட நெடுந்தூரம் போகும்; அப்படிச் சுமப்பவர்கள் பகைவரான வேங்கைமலை நாட்டார் மட்டுமே. வேங்கைமலை ஒற்றனுக்கும், அவனைத் தப்பவிட்டவருக்கும் கழுமரம் என்பது அரசாணை.

“நீர் யார்?”

“வேங்கைமலை வேளின் இளைய மகன். உங்கள் கோட்டை மதிலின் அமைப்பை அறிய வந்தேன். அறிந்து ஒரு மாதமாயிற்று.”

“பிறகு ஏன் போகவில்லை?”

“தெருக்கள் முடியவில்லை” என்றவன், அது பாதி உண்மைதான் என்பதால் தலைகுனிந்தான். “மதிலைப் பற்றி என் தந்தையிடம் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். தங்கள் மீது ஆணை.”

“அதை நம்பவும் அஞ்சுகிறேன், உம்மைக் கழுவில் காணவும் அஞ்சுகிறேன். ஆற்றில் முழங்கால் நீர்தான். இப்போதே அக்கரை செல்லும்.”

“தாங்களும் வரலாமே.”

“கிழக்கு வரிசையைத் திருத்த வேண்டும்.”

அவன் அக்கரை ஏறி மறையும் வரை அவள் அழவில்லை, அதன்பின் அழுதாள். காவற்படைத் தலைவன் நக்கன் சாத்தன் பந்தத்தோடு வந்தபோது கண்களைத் துடைத்திருந்தாள்.

“சிற்பியார் எங்கே, தேவி?”

“அவர் வேங்கைமலை ஒற்றர். தப்பிவிட்டார்.”

“தப்பவிட்டது யார்?”

“விடியட்டும், சாத்தனாரே. இந்த வரிசையின் நடுவே குறுக்குத் தெருவுக்கு முளையடித்து முடித்ததும், நானே தந்தையிடம் வந்து அந்தப் பெயரைச் சொல்கிறேன்.”