கண்ணுக்குக் கீழே

கண் துடிப்பதில் நல்லது கெட்டது பார்க்கிற வழக்கம் ரோவீனாவுக்கு இல்லை. துடித்தது கண்ணாக இருந்திருந்தால் கண்டுகொண்டிருக்கவே மாட்டாள். காருக்குள் கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு, கருவளையத்தை மறைக்கும் களிம்பைத் தடவிக்கொண்டிருந்தபோது, இடது கண்ணுக்குக் கீழே புதிதாக மேடிட்டிருந்த இடத்தில் அவள் விரல் நுனிக்கு அடியில் ஏதோ மெல்லப் புரண்டது. விரலை மூக்குப் பக்கம் நகர்த்தினாள். அதுவும் பின்னாலேயே வந்தது. விரலை எடுத்ததும் நின்றுவிட்டது.

அவள் செய்வது வீடு விற்றுக் கொடுக்கிற தொழில். கோல்டு கோஸ்ட் என்ற அந்தக் கடற்கரை நகரத்தில் அந்தத் தொழிலுக்கு முகம்தான் முதல். விற்பனைக்கு வந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆளுயரப் பலகையில் வீட்டின் படமும் முகவரின் முகமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பல வருடமாக நின்ற முகம் அவளுடையது. போன மாதம் முதலாளி கிரெய்க் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும், "ரோ, உன் படத்தப் பாத்தா வீடு விக்கிற ஆள் மாதிரி இல்ல. அந்த வீட்டுல தூக்கம் வராம பொரண்டுட்டுக் கெடந்த ஆள் மாதிரி இருக்கு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். புதுப் பலகைக்குப் படம் எடுக்க நாளும் குறித்துவிட்டான். சரியாக வராவிட்டால் அவளுடைய வீடுகள் எந்தச் சின்னப் பெண்ணிடம் போகும் என்று அவன் சொல்லவில்லை. புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்த வேலை மட்டும்தான்.

குளிர வைத்த கரண்டி, தேயிலைப் பை, விலையைக் கேட்டாலே அழுகை வரும் களிம்பு, லேசர் எல்லாம் பார்த்தாயிற்று. அறுவை செய்து, கண்ணுக்குக் கீழே தொங்கும் பைக்குள்ளிருக்கும் கொழுப்பை எடுக்கலாம்தான். ஆனால் வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும், கன்றிப்போன முகத்தோடு யாருக்குப் போய் வீட்டைக் காட்டுவது? கடைசியில், பைக்கு அடியில் விழுந்திருந்த பள்ளத்தை ஊசி போட்டு நிரப்பிவிடலாம் என்று முடிவானது. அழகு கிளினிக் ஒன்றில் ஊசி போடுவது நர்ஸ் டீகன். மருந்துக்குச் சரி சொல்ல வேண்டிய டாக்டர் வேறு ஊரில் இருந்தார். டேப்லட் திரையில் தோன்றி, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டு, காப்பி ஆறுவதற்குள் சரி என்றுவிட்டார். அங்கே எல்லாருக்கும் அப்படித்தான். தொட்டுப் பார்க்க வேண்டுமென்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

டீகன் ஒரு குழல் மருந்து ஏற்றினாள். பள்ளம் அப்படியே இருந்தது. இன்னொன்று ஏற்றினாள். "என்ன ரோ, ஊத்த ஊத்தக் குடிக்குது உங்க மூஞ்சி" என்று சிரித்தாள். ஒரு வாரம் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு ஒரே இரவில் இரண்டு பக்கமும் உருண்டு திரண்டுவிட்டது.

இன்று காலையில் நடந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. வீக்கத்துக்குப் பனிக்கட்டி வைத்துக்கொண்டு, கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பனிக்கட்டியை எடுத்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் மின்விசிறி சுற்றுவது தெரிந்தது. சிவப்பாக, மங்கலாக, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்ப்பதைப் போல. கனவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளைக்குப் படம் எடுக்கிற நாள்.

சாயங்காலம், மருந்தகத்துக்கு மேலே இருந்த அந்தக் கிளினிக்கில், ஸ்பிரிட் வாடையும் கடற்கரைக்குப் போய்வந்தவர்கள் பூசியிருந்த வெயில் களிம்பின் தேங்காய் வாசனையும் கலந்து வீசின. ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்களில் அடைய வந்த கிளிகள் போட்ட கூச்சலில் பேசுவதே காதில் விழவில்லை. டீகன் கையுறை மாட்டி, மேட்டை ஒரு விரலால் தொட்டாள். உடனே கையை இழுத்துக்கொண்டாள்.

"ரோ, இது வீக்கம் மாதிரி இல்ல. உருண்டையா இருக்கு. உள்ள அசையுது."

"போட்ட மருந்தக் கரைச்சுடு."

"கரைச்சா முன்னவிட மோசமா பள்ளம் விழும். நாளைக்குப் படம்னு சொன்னீங்களே."

"விழட்டும் டீகன். வேலையும் போகட்டும். என்னால இதோட இன்னொரு ராத்திரி படுக்க முடியாது. உன் கையப் பிடிச்சுக் கேக்கறேன், எடுத்துடு."

கரைக்கும் மருந்துக்கும் டாக்டர்தான் சரி சொல்ல வேண்டும். டீகன் டேப்லட்டை எதிரே நிறுத்தி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரோவீனாவுக்குக் கன்னமெல்லாம் அரித்தது. தோல் இழுத்தது. இரண்டு பக்கமும், ஒரே நேரத்தில். டாக்டர் வந்தார், எதையோ மென்றுகொண்டே.

"கொஞ்சம் கிட்ட வாங்க. கண்ண மூடிக்கோங்க, வீக்கத்தப் பாத்துடறேன்."

அவள் மூடிக்கொண்டாள்.

"மூடுங்க."

"மூடிட்டேன் டாக்டர்."

"இல்லம்மா. இன்னும் என்னையேதான் பாத்துட்டிருக்கீங்க."

டீகன் கையிலிருந்த பஞ்சு விழுந்தது. ரோவீனா அது விழுவதைப் பார்த்தாள். தரையில் உருள்வதைப் பார்த்தாள்.

மூடிய கண்ணோடு.

வலியே இல்லை. தோல் பிரிந்த இடத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டது. அவ்வளவுதான். மங்கல் போய்விட்டது. சிவப்பும் போய்விட்டது. டீகனின் முகம் தெளிவாகத் தெரிந்தது. வழக்கத்தைவிடச் சற்றுக் கீழேயிருந்து.

"ரோ." டீகன் பின்னால் நகர்ந்தாள். "கண்ணத் தெறங்க. உங்க கண்ணத் தெறங்க."

முயன்றாள். நெற்றி சுருங்கியது. புருவம் ஏறியது. வேறு எதுவும் அசையவில்லை.

"முடியல."

வெளியே கிளிகள் ஓய்ந்துவிட்டிருந்தன. டாக்டர் மெல்லுவதை நிறுத்தியிருந்தார். திரையின் மூலையில், தபால்தலை அளவில், அவள் முகம் தெரிந்தது. கன்னத்துக்கு மேலே இரண்டு கண்கள். ஈரமாக, பளிச்சென்று. அவற்றுக்குக் கீழே பையும் இல்லை, பள்ளமும் இல்லை, ஒரு கோடுகூட இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்த கண்கள்.

பார்வையைத் திருப்ப நினைத்தாள். அவை திரும்பவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

புருவத்துக்கு அடியில் இமை இல்லை. இமைமயிர் இல்லை. கீறல்கூட இல்லை. வழுவழுவென்று மூடிக்கிடந்த அந்தத் தோலுக்கு அடியில், அவளுடைய இரண்டு கண்களும் திறக்க இடம் தேடி உருண்டுகொண்டிருந்தன.