விழாத கோடு

ஸ்ட்ரிப்பில் கோடு விழவில்லை.

அவள் அந்தச் சோதனைப் பட்டையை விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தாள். அவசரப் பிரிவை ஒட்டிய அந்தச் சின்ன ஆய்வகத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மத்தியான வெயில் கொளுத்தினாலும் உள்ளே எந்நேரமும் அதே வெளிறிய குழல்விளக்கு, ஸ்பிரிட் நெடி, குளிர்பெட்டியின் முனகல், சுவருக்கு அப்பால் யாருடைய துடிப்பையோ எண்ணிக்கொண்டிருக்கும் கருவியின் கீச்சொலி. சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனையில் எல்லாமே தலைகீழ். கோடு விழுந்தால் உடம்பில் மருந்து இல்லை, விழாவிட்டால் இருக்கிறது. புதிதாக வரும் நர்ஸுகள் ஒரு தடவையாவது மாற்றிப் படித்துத் திட்டு வாங்குவார்கள். அவளுக்கு அந்தக் குழப்பம் வந்ததே இல்லை. தூக்க மாத்திரைக்கு உரிய கட்டம் துடைத்து வைத்தாற்போல் வெள்ளையாக இருந்தது.

சிறுநீர், அவள் குடியிருக்கும் வீட்டின் மாடிவீட்டு அக்காவுடையது. வீட்டுப் படிக்கட்டில் சுருண்டு கிடந்தவளை வழிப்போக்கர் யாரோ தூக்கிவந்து சேர்த்திருந்தார்கள்.

"என்னம்மா, வந்துச்சா?" டியூட்டி டாக்டர் வாசலில் நின்றார். "மூச்சு இறங்கிக்கிட்டே இருக்கு. என்ன உள்ள போச்சுன்னு தெரியாம நான் எதைக் குடுக்கறது?"

"தூக்க மாத்திரைன்னு காட்டுது டாக்டர். ஆனா இருக்கவே இருக்காது. தலைவலிக்கே மாத்திரை போடாத மனுஷி அவங்க. டெஸ்ட் கிட்டு மேலதான் எனக்குச் சந்தேகம்."

"சந்தேகத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? உறுதியா சொல்லுங்க."

கிட்டின்மேல் சந்தேகம் வந்தால் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த மருந்தும் எடுக்காத ஒருவரின் சிறுநீரை அதே கிட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த ஒருவர் வேறு யார்? அங்கே வேலை பார்க்கிறவர்தான். அவள் கழிப்பறைக்குப் போய்க் கோப்பையோடு திரும்பினாள். கால் லேசாகத் தள்ளாடியது. கொஞ்ச நாளாகவே இப்படி. தூக்கம் கண்ணைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. "அலைச்சல்மா, வேறென்ன," என்று கணவன் தலையைத் தடவிக்கொடுப்பான். வேலை போனதிலிருந்து அவன் ஆளே மாறிவிட்டான். அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காதவன், இப்போது காலையில் காபி போடுகிறான், ஃபிளாஸ்க்கிலும் ஊற்றித் தருகிறான். கொடுத்துவைத்தவள் என்று மாடிவீட்டு அக்கா கேலி செய்வாள்.

தன் சிறுநீரில் ஸ்ட்ரிப்பை நனைத்துக் காத்திருந்தாள்.

கோடு விழவில்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. அப்பாடா, கிட்டுதான் கெட்டுக் கிடக்கிறது! புதுப் பெட்டியைப் பிரித்தாள். உறையைக் கிழிக்கும்போது விரல்கள் மரத்துப் போயிருந்தன. அதிலும் விழவில்லை.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. உங்க யூரின் கொஞ்சம் வேணும்."

"விளையாடறீங்களா?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்க் கொண்டுவந்தார்.

ஈரம் மெல்ல ஏறியது. ஒவ்வொரு கட்டத்திலும் கோடு விழுந்தது. தூக்க மாத்திரைக் கட்டத்திலும் அழுத்தமாக, நேராக விழுந்தது.

"அப்ப கிட்டு சரி," என்றார் டாக்டர். "அது போதும் எனக்கு." அக்காவின் கட்டிலுக்கு ஓடினார்.

கிட்டு சரி. அப்படியென்றால்?

காலையில் அக்கா கீழே வந்திருந்தாள். நீங்களும் ஒரு வாய் குடிங்கக்கா என்று அவன்தான் டம்ளரை நீட்டினான். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக் குடித்தாள். மேசையில் ஃபிளாஸ்க். பாதி காலி. சற்று முன்புதான் இவள் குடித்தாள்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பாலர் பள்ளி மத்தியானமே விட்டிருக்கும். சாயங்காலம்வரை மகளை மாடியில் வைத்துப் பார்த்துக்கொள்வது அக்காதான். அக்கா இங்கே கிடக்கிறாள்.

குழந்தை அவனோடு.

போனை எடுத்தாள். எழுத்துகள் நீந்தின. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லும்மா."

"பாப்பா எங்க?"

"இங்கதான். என் மடியில." குரலில் பதற்றமே இல்லை. "நீ ஏன் இப்படிக் குழறற? தூக்கம் வருதா? வந்தா படுத்துக்கயேன்."

அவளுக்கு எதுவும் கொடுக்காதே என்று கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். நாக்கு தடித்து அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. "அவ... அவளுக்..." டாக்டர்! காற்றுதான் வந்தது. சுவருக்கு அப்பால் கருவி வீறிட்டது. யாரும் இந்தப் பக்கம் வரவில்லை.

முழங்கால் மடங்கியது. கன்னத்தில் தரை சில்லென்றது. போன் காதருகே கிடந்தது. எழுந்திருடி. எழுந்திரு. ஒரு விரல்கூட அசையவில்லை.

கரண்டி டம்ளரில் சுற்றும் சத்தம்.

"கசக்குதுப்பா."

"அம்மா குடிச்சுட்டா. மாடி அத்தை குடிச்சுட்டாங்க. நீ சமத்துல்ல? கண்ணை மூடிக்கோ. ஒரே மடக்கு."

மடக்.

மடக்.

"ம், குடிச்சுட்டேன்," என்றாள் மகள்.