அரசரின் வலது கையுறை

"புனித ஜார்ஜ் திருநாள் காலையில இந்தக் கம்பத்துல அரசரோட கையுறை தொங்கணும்! தொங்கலைன்னா இந்தச் சந்தை எங்க பிரபுவுக்குச் சொந்தம்!"

குதிரைமேல் உட்கார்ந்தபடியே கத்தினான் பிரபு புர்க்ஹார்டின் காரியஸ்தன். ஹிர்ஷ்ஃபுர்ட் ஊர்ச் சந்தைத் திடலில் கூடியிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். திடலின் நடுவே புது ஓக் மரக் கம்பம், உச்சியில் சிலுவை. சிலுவையில் ஒரே ஓர் ஆணி வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு! இங்கே வந்து ஒளிஞ்சிருக்கிற பண்ணையாட்களை அன்னிக்கே கயித்தால கட்டி இழுத்துட்டுப் போவோம்!" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தில் ஒருத்தியை மட்டும் பார்த்துச் சிரித்தான்.

அவள் பெயர் மெக்தில்ட். கம்பளி நெய்பவள். பிரபுவின் பண்ணையில் பிறந்தவள். பண்ணையில் பிறந்தவர்கள் ஏர் மாடுகளைப் போல நிலத்தோடு சேர்ந்த சொத்து. ஊரைவிட்டுப் போகக் கூடாது, உத்தரவில்லாமல் கல்யாணமும் கூடாது. மெக்தில்ட் இரண்டையும் செய்தவள்! தச்சன் டீட்மாரைக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து இந்த ஊருக்கு ஓடிவந்திருந்தாள்.

இது நடந்து எண்ணூறு ஆண்டுகளாவது இருக்கும். ஜெர்மானிய மலைநாட்டில் அப்போது அரசர் என்று ஒருவர் இருந்தார். ஆனால் அவருக்குத் தலைநகரம் கிடையாது. பரிவாரத்தோடு குதிரையிலேயே நாடு முழுக்கச் சுற்றுவார். ஓர் ஊரில் தானியம் தீர்ந்தால் அடுத்த ஊர். அவர் முதுகைத் திருப்பியதும், அந்தந்தக் கோட்டையில் இருக்கிற பிரபுதான் அங்கே அரசர். பாலத்துக்கு வரி, படகுக்கு வரி, பாதையில் புழுதி கிளப்பினாலும் வரி!

இதற்கு அரசர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். புதிதாகச் சந்தை கூட்டும் ஊர்களுக்குத் தன் வலது கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். அது தொங்கும் திடல் அரசரின் கைக்குள் இருக்கிற இடம். அங்கே எந்தப் பிரபுவும் வாளை உருவக் கூடாது. அங்கே ஓராண்டும் ஒரு நாளும் வாழ்ந்துவிட்ட பண்ணையாள் சுதந்திர மனிதர். ஒரு தோல் உறைக்கு இத்தனை பலமா என்று நமக்குச் சிரிப்பு வரலாம். நம் காலத்துக் கொடிகளையும் முத்திரைகளையும் நினைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

அந்தக் கையுறையை வாங்கிவர, போன இலையுதிர் காலத்தில் மலைக்கணவாய் தாண்டிப் போனவன்தான் டீட்மார். கம்பத்தைச் செதுக்கியவனும், அந்த ஆணியை அடித்தவனும் அவனே. போனவன் திரும்பவில்லை. கையுறையை விற்றுவிட்டு எங்கோ ஓடிவிட்டான் என்று ஊரில் பாதிப்பேர் பேசினார்கள்.

"ஓடல! கணவாய்க்கு அந்தப் பக்கம் நான் விசாரிச்சேன்" என்றான் ரூப்ரெக்ட். கோவேறு கழுதையில் உப்பு ஏற்றி மலை கடப்பது அவன் பிழைப்பு. "கையுறையை வாங்கிட்டு, முதல் பனி விழற நேரத்துல மலை ஏறியிருக்கான். ஏறினதைப் பார்த்தவங்க இருக்காங்க. இறங்கினதைத்தான் யாரும் பார்க்கல."

"அரசர்கிட்டயே போய் இன்னொண்ணு கேட்டா?" என்றான் ஓடோ. மடத்துப் பள்ளியில் சட்டம் படித்து, பாதியில் சுவரேறிக் குதித்து ஓடிவந்த இளைஞன் அவன். வாய் மட்டும் ஓயாது.

"அவர் இப்போ தெற்கே, மாசக்கணக்குல தூரம். திருநாளுக்கு ஒரு வாரம்கூட இல்ல" என்றான் ரூப்ரெக்ட்.

மெக்தில்ட் சால்வையை இறுகக் கட்டிக்கொண்டாள். "அப்போ மலைக்குப் போவோம். அவர் எங்கே இருக்காரோ அங்கேதான் கையுறையும் இருக்கும். அது கிடைக்கலைன்னா நான் திரும்பவும் அந்தப் பண்ணைதான். செத்தாலும் அங்கே போக மாட்டேன்!"

மறுநாள் விடிந்ததும் மூவரும் கழுதையோடு புறப்பட்டார்கள்.

காட்டுப்பாதை முடிந்ததும் பனி தொடங்கியது. முழங்கால் வரை புதைந்தது. சூரியன் ஏற ஏற மேலேயிருந்து பனிக்கட்டிகள் சரசரவென்று உருண்டு வந்தன. "பேசாம வா! சத்தம் போட்டா மலையே இறங்கி வந்துடும்!" என்று ரூப்ரெக்ட் எச்சரித்தான். ஓடோ பேசாமல் நடந்தது அவன் வாழ்நாளில் அன்று ஒரு நாள்தான்.

கணவாயின் உச்சிக்குக் கீழே ஒரு குகை உண்டு. மலை கடப்பவர்கள் அங்கே தங்கிக் குளிர் காய்வார்கள். அதற்கு ஒரு வழக்கம்: எரித்த விறகுக்குப் பதில் விறகு வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்து வருகிறவன் யாரென்று தெரியாது. ஆனாலும் வைக்க வேண்டும்.

குகை வாசலைப் பனிச்சரிவு மூடியிருந்தது. கழுதையில் கொண்டுவந்த பலகையால் தோண்டினார்கள். பலகை உடைந்தது. கையால் தோண்டினார்கள். மெக்தில்டின் உள்ளங்கைகள் தோலுரிந்தன. அவள் நிறுத்தவில்லை. கடைசியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது.

உள்ளே டீட்மார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

குளிர் அவனை அப்படியே வைத்திருந்தது. எதிரே சாம்பல். ஒரு குச்சி விறகு மிச்சமில்லை. கிழிந்த காலணிகளைத் தோல் வார்களால் சுற்றிக் கட்டியிருந்தான். அந்த வார்கள் அவனுடைய சொந்தக் கையுறைகளை அறுத்துச் செய்தவை. எப்படியாவது நடந்துவிட வேண்டும் என்று கைகளை விட்டுக் கால்களைக் காப்பாற்றியிருக்கிறான்! மடியில் கிடந்த வெறுங்கைகள் கறுத்துப்போயிருந்தன.

மெக்தில்ட் அவன் சட்டைக்குள் மெல்லக் கைவிட்டாள். நெஞ்சோடு ஒட்டி ஒரு பை. பைக்குள் அரசரின் கையுறை! வெள்ளை மான்தோல், உள்ளே அடர்ந்த முயல் ரோமம், மணிக்கட்டில் பொன்நூல் சிங்கம். பனியில் நனையாமல், புதிதுபோல இருந்தது.

"இதைப் போட்டுக்கிட்டிருந்தா ஒரு கையாவது..." என்று ஆரம்பித்தான் ரூப்ரெக்ட்.

"போட முடியாது" என்றான் ஓடோ தாழ்ந்த குரலில். "அரசரோட கையுறைக்குள்ள கை விட்டவன் அரசரோட கையைத் திருடினவன். அந்தக் கையை வெட்டணும். அதுதான் சட்டம்."

"பைத்தியக்காரா!" என்று மெக்தில்ட் கணவனைப் பார்த்துக் கத்தினாள். "இந்த மலையில யார் உன்னைப் பார்த்தா? யார் கேட்டா?" அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அவன் முகத்தைத் தன் சால்வையால் துடைத்துவிட்டாள். "பனி போகட்டும். வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

வெளியே கழுதை கனைத்தது. ரூப்ரெக்ட் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். "காரியஸ்தன்! கூட ஆளுங்க! நம்ம தடத்தைப் பிடிச்சு ஏறி வர்றாங்க!"

பாதை ஒன்றுதான். அதை அடைத்துக்கொண்டு அவர்கள் வருகிறார்கள். மறுபக்கம் செங்குத்தான பனிச்சரிவு. ரூப்ரெக்ட் சட்டென்று முடிவெடுத்தான். உப்பு மூட்டை கட்டும் நீளக் கயிற்றை அவிழ்த்து ஓடோவிடம் எறிந்தான்.

"நான் கழுதையோட நேரா அவங்க முன்னால போய் நிக்கறேன். என்னைச் சோதிக்கட்டும், மூட்டையைக் கொட்டட்டும். நீங்க சரிவு வழியா இறங்குங்க. பொண்ணே, கயித்தைப் பாறையைச் சுத்தி விடு. அவன் முதல்ல இறங்கட்டும்!"

மெக்தில்ட் பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒரு பாறைக்கூரைச் சுற்றிக் கயிற்றை விட்டாள். ஓடோ இடுப்பில் முடிச்சுப் போட்டு, அத்தனை புனிதர்களையும் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினான். பாதி தூரம் போயிருப்பான். படார்! பாறைக்கூர் உடைந்து சிதறியது!

கயிறு பாம்பாகப் பாய்ந்தது. மெக்தில்ட் அதைப் பிடித்தாள். தோலுரிந்த கைகளில் கயிறு நெருப்பாக ஓடியது. குதிகாலைப் பனியில் ஊன்றினாள். வலது கை ரத்தத்தில் வழுக்கியது. கீழே ஓடோவின் அலறல்.

இடது முழங்கையில் கயிற்றைச் சுற்றி ஒரு கணம் தாக்குப்பிடித்தாள். சட்டைக்குள்ளிருந்து பையைப் பல்லால் இழுத்தாள். டீட்மார் செய்யாததை அவள் செய்தாள். அரசரின் கையுறைக்குள் வலது கையை விட்டாள்! அது அவள் கைக்குப் பெரிது, ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது. பற்றிய கயிறு நின்றது. சாண் சாணாக விட்டாள். மான்தோல் உராய்ந்து கிழிந்தது. பொன்நூல் சிங்கம் பிய்ந்தது. கயிறு தளர்ந்தபோது, "தரை! தரை!" என்று கீழிருந்து ஓடோ அழுதுகொண்டே கூவினான்.

அவள் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே பின்னாளில் நினைவில்லை. கீழே வந்ததும் ஓடோ அவள் கையைப் பார்த்து வெளிறிப்போனான்.

"கழட்டு! யாரும் பார்க்கல. கேட்டா, பாறையில கிழிஞ்சதுன்னு நான் சத்தியம் பண்றேன்."

அவள் கழற்றி, மடித்துப் பையில் வைத்தாள்.

திருநாள் காலை. வெளியூர் வண்டிகள் திடலைச் சுற்றி நின்றன. ஃபிளாண்டர்ஸ் துணி, வெனிஸ் மிளகு, பக்கத்து ஊர்ப் பாலாடைக்கட்டி. யாரும் ஒரு மூட்டையைக்கூட இறக்கவில்லை. எல்லாக் கண்களும் அந்த ஆணிமேல். கம்பத்தடியில் பிரபு புர்க்ஹார்ட் குதிரைமேல் காத்திருந்தார். சந்தை கைமாறுவதற்குச் சாட்சியாகப் பக்கத்துக் கோட்டைத் தலைவரையும் அழைத்து வந்திருந்தார். கிழவர், அரசரோடு வம்பு வைத்துக்கொள்ளப் பயப்படுபவர்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெக்தில்டும் ஓடோவும் வந்தார்கள். அவள் கையுறையை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

புர்க்ஹார்ட் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "எலி கடிச்ச தோலா? இதையா அரசர் போடுவார்? அசலை உன் புருஷன் வித்துத் தின்னுட்டு ஓடிட்டான், நீ குப்பையில பொறுக்கினதைக் கொண்டு வந்திருக்கே!"

கூட்டத்தில் சிலரும் சிரித்தார்கள். ஒரு வியாபாரி வண்டியைத் திருப்பத் தொடங்கினான்.

"ஐயா, பாறையில..." என்று ஓடோ முன்னால் வந்தான்.

மெக்தில்ட் அவனைத் தள்ளினாள். தன்னைப் பற்றி எது சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். அந்தக் கறுத்த கைகளைப் பார்த்துவிட்டு வந்தவளால் இதைப் பொறுக்க முடியவில்லை.

"என் புருஷன் திருடல! விறைச்சுச் சாகும்போதுகூட அவர் இதுக்குள்ள விரல் விடல. கை விட்டது நான்! ஒருத்தன் கயித்துல தொங்கினான், போட்டுக்கிட்டேன். கிழிஞ்சது என் கையால. இந்த ரத்தம் என்னோடது!" உள்ளங்கையை விரித்தாள். காயத்தின் கோடும் தோலின் கிழிசலும் ஒரே கோணத்தில் ஓடின.

புர்க்ஹார்டின் முகம் மலர்ந்தது. காரியஸ்தன் பின்னாலிருந்து அவர் அங்கியைப் பிடித்து இழுத்தான். அவர் உதறிவிட்டார்.

"கேட்டீங்களா எல்லாரும்? ஒரு பண்ணையாள்! அரசரோட கையுறையில கை விட்டிருக்கா! கோடாலியைக் கொண்டாங்க!"

'அரசரோட கையுறை' என்ற வார்த்தைகள் மெக்தில்டின் காதில் சரியாகவே விழுந்தன. கையை நீட்டினாள்.

"வெட்டுங்க பிரபுவே. எந்தக் கையுறைக்காக வெட்டறீங்கன்னு மட்டும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க."

புர்க்ஹார்ட் வாயைத் திறந்தார். மூடினார். காரியஸ்தன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

பக்கத்துக் கோட்டைக் கிழவர் தொண்டையைச் செருமினார். "புர்க்ஹார்ட், அரசரோட கையுறைன்னு நீயே சொல்லிட்டே. அப்படின்னா இது அரசரோட திடல். இங்கே இவ கையை வெட்ட உனக்கு உரிமை இல்ல. அது அரசரோடது இல்லைன்னா, இவமேல குத்தமே இல்ல. எது வேணும் உனக்கு?" என்று கேட்டுவிட்டு, முன்ஜாக்கிரதையாகத் தன் குதிரையைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

புர்க்ஹார்ட் சுற்றிலும் பார்த்தார். அவருடைய வீரர்களே அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. குதிரையைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஓடோ கம்பத்தில் ஏறி, கிழிந்த கையுறையை டீட்மாரின் ஆணியில் மாட்டினான். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "வழி விடுங்கப்பா!" கன்னம் வீங்கிய ரூப்ரெக்ட், மீந்துபோன ஒற்றை மூட்டையோடு கழுதையை இழுத்து வந்தான். மூட்டையைத் தொப்பென்று கம்பத்தடியில் இறக்கினான். "உப்பு! நல்ல உப்பு!" சந்தை தொடங்கியது.

மறு ஆண்டு அரசரின் அதிகாரி வந்து மெக்தில்டை விசாரித்தார். கையுறையை இறக்கிப் பார்த்தார். கிழிசலைத் தைக்கலாமா என்று ஊரார் கேட்டார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி அவரே திரும்ப மாட்டினார். அதற்குள் ஓராண்டும் ஒரு நாளும் கடந்திருந்தன.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, அந்தக் கோடையில் பனி உருகியதும், மெக்தில்ட் மலை ஏறினாள். சொன்ன சொல் இருக்கிறதே! ரூப்ரெக்டும் ஓடோவும் கூடப் போனார்கள். அவள் பையில் அவளே நெய்த ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறைகள் இருந்தன. பொன்நூலும் இல்லை, சிங்கமும் இல்லை. டீட்மாரின் விரல்கள் மடங்கவில்லை. அவசரப்படாமல், ஒவ்வொரு விரலாக நுழைத்து மாட்டிவிட்டாள். இருவரும் அவனைத் தூக்கிக் கழுதையில் ஏற்றினார்கள்.

"கிளம்பலாமா?" என்றான் ரூப்ரெக்ட்.

"இருங்க" என்றாள் அவள். கழுதையின் மறுபக்கம் கட்டி வந்திருந்த விறகை அவிழ்த்தாள். டீட்மார் எரித்துத் தீர்த்த இடத்தில், அடுத்து வருகிறவருக்காக, சுவரோரம் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.